ஹெல்கா தவறவிட்ட சொல்

நூர்மெஸ் போகும் ரயிலின் பின்விளக்கு, மழைக்குள் சிவப்பாய்க் கரைந்துகொண்டிருந்தது.

“நில்லுங்க... ஐயோ, நில்லுங்களேன்!”

ஹெல்கா கத்தியது ரயிலுக்குக் கேட்கவில்லை. ஹெல்சிங்கியிலிருந்து வந்த வண்டி தாமதம். ஜொயென்சூவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிளாட்பாரம் மாறி ஓடி வருவதற்குள்... போய்விட்டது. கண்ணெதிரிலேயே போய்விட்டது. மூச்சு வாங்க, பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

வைத்த வேகத்தில், பின்னால் ஓடிவந்த யாரோ அந்தப் பெட்டியின் மேலேயே வந்து விழுந்தார்கள்.

“அம்மாடி!”

உயரமான ஓர் ஆள். முழங்கால் ஈரத்தரையில், ஒரு கை அவள் பெட்டியின் மேல், இன்னொரு கை... அவளுடைய நீலக் கம்பளித் துண்டின் நுனியில். பிடிமானத்துக்குக் கிடைத்ததைப் பிடித்திருக்கிறான்!

“கண்ணு தெரியாதா உங்களுக்கு?” என்றாள் ஹெல்கா, கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை அவன் முடியிலிருந்து புருவத்துக்கு வழிந்தது. சாம்பல் நிறக் கண்கள். உறையப் போகிற ஏரி, உறைவதற்கு முந்தின நாள் இருக்குமே... அந்த நிறம்.

“தெரியும். ஆனா ரயிலைப் பார்த்துக்கிட்டு ஓடிவந்தேன். அது என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. உங்க பெட்டியாவது பிடிச்சு வெச்சுக்கிச்சே!”

சிரிக்கிறான்! ரயிலையும் விட்டு, முட்டியையும் சிராய்த்துக்கொண்டு, சிரிக்கிறான். ஹெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“துண்டை விடுங்க.”

“ஓ... மன்னிக்கணும்.” விட்டான். விட்ட பிறகும் அவன் பார்வை கொஞ்ச நேரம் அந்த நீலத் துண்டிலேயே இருந்தது.

அடுத்த நூர்மெஸ் வண்டி சாயங்காலம்தான். நவம்பர் மழையில் வெளியே நிற்க முடியாது. நிலையத்துக் காப்பிக்கடையைத் தவிர போக்கிடம் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது மாதிரி அதே கதவை நோக்கி நடந்தார்கள்.

உள்ளே ஏலக்காய் பன் வாசனை. ஹெல்கா காப்பியை வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனாள். அவன் கல்லாவிலேயே சாய்ந்து நின்று கடைக்காரம்மாவிடம் பேச ஆரம்பித்தான். பின்லாந்தின் கிழக்குப் பக்கத்து ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஹெல்காவும் அந்தப் பக்கத்துப் பெண்தான், நூர்மெஸில் பிறந்தவள்தான். ஆனால் ஹெல்சிங்கியில் வேலைக்குப் போய் வாய் மூடக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“சனிக்கிழமை டிவி பார்த்தீங்களா?” என்றான் அவன்.

ஹெல்காவின் கை நின்றது.

“பார்க்காம? அந்த இங்கிலீஷ் தொடரா?” கடைக்காரம்மா அப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டாள்.

“கேப்டன் சண்டையிலேருந்து திரும்பி வர்றான். ஸ்டேஷன்ல பொண்டாட்டி ஓடி வர்றா. கட்டிப் பிடிச்சுக்கிறான். கண்ணுல தண்ணி. அவ காதுல மெதுவா ஏதோ சொல்றான். கீழே எழுத்து வருது...” அவன் தொண்டையைக் கனைத்து, உருகும் குரலில் சொன்னான். “‘உன்னைச் சுட்டேன்... குறி தப்பிடுச்சு!’”

கடைக்காரம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் நாற்காலியிலேருந்து விழுந்துட்டாரு!”

டிவியில் இரண்டே சானல் இருந்த காலம் அது. சனிக்கிழமை ராத்திரி ஒரு தொடர் ஓடினால் பின்லாந்து முழுக்க அதைத்தான் பார்க்கும். ஆக, பின்லாந்து முழுக்கச் சிரித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கார்ட்டூன்கூட வந்துவிட்டது.

“அதை எழுதினவங்க காதலிச்சதே இல்லைன்னு நினைக்கிறேன்” என்றான் அவன்.

ஹெல்கா எழுந்தாள். நாற்காலி சத்தம் போட்டது.

“அதை எழுதினது நான்தான்.”

கடைக்காரம்மா சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

“படம் வந்து சேரலை. வசனத் தாளை மட்டும் கையில குடுத்து, மறுநாளைக்குள்ள வேணும்னாங்க. அதுக்கு முன்னாடி சீன்ல, அவன் படைக்குக் கிளம்பறப்போ, புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. துப்பாக்கி வெடிக்குது. அப்புறம் அவன் ‘மிஸ்’ பண்ணேன்னு சொல்றான். நான் என்னத்தைக் கண்டேன், ஸ்டேஷனையும் கட்டிப்பிடிக்கிறதையும்?” குரல் உடைந்தது. உடையக் கூடாது என்று எத்தனை பிடிவாதமாக இருந்தாளோ, அத்தனை மோசமாக உடைந்தது. “நல்லா சிரிங்க. அந்தச் சிரிப்பு கேட்காத இடமா பார்த்துத்தான் அக்கா வீட்டுக்குப் போயிட்டிருக்கேன்.”

மறுபடி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் வழிவது மழையா, தன் கண்ணா... தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எதிர் நாற்காலி மெதுவாக இழுபட்டது. ஒரு தட்டு நகர்ந்து வந்தது. அதில் ஏலக்காய் பன்.

“நான் ஒரு மடையன்” என்றான் அவன்.

“அது தெரியுது.”

“கார்லோன்னு பேரு. லியெக்ஸா ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியார்.”

ஹெல்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா எங்க ஊர்ல என்னை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. ‘ஓஹி கார்லோ’ம்பாங்க.”

ஹெல்கா தன்னை மீறித் திரும்பினாள். ‘ஓஹி’ என்றால் பின்னிஷில் குறி தவறியது என்று அர்த்தம்.

“பனிச்சறுக்கிக்கிட்டே போய் நடுவுல நடுவுல நின்னு சுடுவாங்களே, அந்தப் பந்தயம். தேசிய போட்டி. எங்க மாவட்ட அணி முன்னால. கடைசி ஆள் நான். கடைசிக் குறி. அதை அடிச்சிருந்தா கோப்பை எங்களுக்கு.” அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். “ரேடியோவுல ஒருத்தர் நேரடியா சொல்லிக்கிட்டிருந்தார். ‘ஓஹீஈஈ’ன்னு அவர் இழுத்தது இன்னும் எங்க ஊர் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கு. அதான், சனிக்கிழமை அந்த எழுத்தைப் பார்த்ததும் அப்படிச் சிரிச்சேன். உலகத்துல எனக்கு ஒரு துணை கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அந்தத் துணை எதிர்ல உட்கார்ந்து காப்பி குடிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?”

பொய் சொல்கிற கண் இல்லை அது. ஹெல்கா பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

சாயங்கால வண்டியில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். வெளியே பைன் மரங்கள், நீர், மறுபடி பைன் மரங்கள். இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது. மழை ஜன்னலில் சாய்கோடுகளாக ஓடியது.

“அப்போ அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கு?” என்றான் கார்லோ.

நமக்கெல்லாம் தெரிந்த வார்த்தைதான். பஸ்ஸையும் ‘மிஸ்’ பண்ணுவோம், பிரிந்து போனவர்களையும் ‘மிஸ்’ பண்ணுவோம், பள்ளிக்கூட டீச்சரையும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள மாட்டோம். ஆனால் பின்னிஷ்காரர்களுக்கு அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சொல். மாற்றிப் போட்டால் கேப்டன் பொண்டாட்டியைச் சுட்டுவிடுவான்.

“நீங்க சுட்டது ‘ஓஹி’” என்றாள் ஹெல்கா.

“அது எனக்கு மனப்பாடம்.”

“இன்னிக்கு ரயிலை விட்டோமே... அது ‘மியோஹாஸ்த்யா’.”

“இவ்வளவு நீளமா இருந்தா யாருக்குத்தான் தாமதமாகாது?”

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். “கல்யாணமாகாத பொண்ணு பேருக்கு முன்னால போடுவாங்களே, ‘மிஸ்’ இன்னார்னு. அது ‘நெய்தி’.”

“ஓ...” கார்லோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான். “உங்க பேருக்கு முன்னாலயும் அதுதானா?”

எவ்வளவு சாமர்த்தியம்! ஹெல்காவின் கன்னம் சூடாயிற்று. “டிக்கெட் பரிசோதகரா நீங்க? இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?”

“சும்மா... அர்த்தம் தெரிஞ்சுக்கத்தான்.”

“நெய்திதான்” என்றாள். சொன்ன பிறகு மடியில் கிடந்த நீலத் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“கேப்டன் சொன்னது எது?”

“அதுக்கு ரெண்டு மூணு சொல் இருக்கு. எது சரியா வரும்னு... ஆளைப் பொறுத்தது.” அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சில சொற்களை முதல் நாளே வாயில் எடுக்கக் கூடாது என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

லியெக்ஸாவில் அவன் இறங்கினான். பிளாட்பாரத்தில் நின்று, மழையில் நனைந்துகொண்டே, கண்ணாடியைத் தட்டினான். கையால் போன் பேசுவது மாதிரி காட்டினான். ஹெல்கா ஈரக்கண்ணாடியில் ஊதி, ஆவியின் மேல் விரலால் எண்களை எழுதினாள். வெளியிலிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியுமே என்ற யோசனை, வண்டி நகர்ந்த பிறகுதான் வந்தது.

‘படிச்சிருக்க மாட்டார்... போச்சு’ என்று நினைத்துக்கொண்டே நூர்மெஸ் வரை போனாள். அக்கா சினிக்கா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். “அழுதுக்கிட்டே வருவேன்னு பார்த்தேன். நீ என்னடி சிரிச்சுக்கிட்டே இறங்கறே?” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெல்சிங்கியில் போன் அடித்தது.

“நெய்தி ஹெல்கா துருனென் இருக்காங்களா? கண்ணாடியில திருப்பி எழுதறவங்க?”

*

அந்தக் குளிர்காலம் ஹெல்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளாலேயே ஆனது. மற்ற நாட்களெல்லாம் அவற்றுக்கு நடுவே வருகிற இருட்டு.

என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் ஊர் பியெலினன் ஏரி உறைந்துவிட்டது. அவன் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பனிச்சறுக்கில் முதல் தடவையாகக் குதித்துக் கீழே விழாமல் இறங்கினாள். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஐலி, மீனை உப்பில் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். போன் ஐலி வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்ததால் அவன் எப்போதும் அடங்கிய குரலில்தான் பேசுவான். அந்த அடங்கிய குரல்... காதில் வந்து ஒட்டிக்கொண்டு வாரம் பூராவும் போகாது. எப்போதோ ஒரு ஞாயிறு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. யார் முதலில் சொன்னது என்று அப்புறம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் அந்தத் தொடரை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இப்போது அவளுக்கு வருவதெல்லாம் மீன் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு மாதிரிப் படங்கள். தேனீக்கள் வசனம் பேசாது. வேலை பாதி. பேர் முழுக்கப் போயிற்று. அவனிடம் எப்படிச் சொல்வது? வேறு யாரிடம் அழுதாலும், அவனிடம் மட்டும் அழக்கூடாது என்று வீம்பு.

சினிக்கா சொல்லிவிட்டாள். மாவட்டப் பள்ளிகளின் பனிச்சறுக்குப் போட்டிக்குத் தன் பிள்ளைகளோடு போனவள், கார்லோவைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை. ஆபீஸ் முழுக்க ஆட்கள் இருக்கும்போது, தலைவர் லிண்ட்ரூஸ் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

“ஹெல்கா... லியெக்ஸாவுலேருந்து ஒரு விளையாட்டு வாத்தியார் போன் பண்ணார். படம் தராம தாளை மட்டும் குடுத்தது எங்க தப்பாம். உன்னை இப்படி நடத்தறது நியாயமில்லையாம். எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். உன் வக்கீலா?”

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னொருவர். நவம்பரில் கேட்ட அதே சிரிப்பு.

அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

“உன்னை யார் கேட்டது?”

“ஹெல்கா... நான் நல்லதுக்குத்தான்...”

“எனக்குப் பேசத் தெரியாதா? வாயில்லையா எனக்கு? மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை உன்னால!”

“அவங்க பண்ணது தப்பு. அதை யாராவது சொல்லணும்ல?”

“சொல்றதுக்கு நீ யாரு?”

அப்புறம் அந்த அடங்கிய குரல்.

“அன்னிக்கு நான் குறி தவறினப்போ... எனக்காக ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசலை, ஹெல்கா. கூட ஓடினவங்ககூட. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான்...”

“நீ ஒரு இகாவா மனுஷன்!” என்றாள். எரிச்சல் பிடித்த, சகிக்க முடியாத ஆளை அப்படித்தான் சொல்வார்கள். “இனிமே எனக்குப் போன் பண்ணாதே.”

“சரி” என்றான் அவன்.

அவ்வளவுதான். அவன் பிடிவாதம் பிடித்திருந்தால் அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு அழுதிருப்பாள். ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போனை வைத்தாள். ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபத்தினால்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அவனும் சொன்ன சொல் காப்பாற்றுகிறவன். அந்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும்.

*

ஏக்கம் என்பது எப்படி வரும் என்று அதுவரை ஹெல்காவுக்குத் தெரியாது. ஒரேயடியாக வந்து அடிக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை. ஜன்னலைச் சாத்தின பிறகும் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் குளிர் வருமே... அப்படி வந்தது.

டிராமில் உயரமான யாராவது ஏறினால் மூச்சு ஒரு நொடி நிற்கும். கடையில் ஏலக்காய் பன் வாசனை வந்தால் வேறு பக்கம் போய்விடுவாள். மார்ச்சில் பனி சொட்ட ஆரம்பித்தது. கூரையிலிருந்து சொட்டு... சொட்டு... அதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். ‘பியெலினன் ஏரியிலயும் உருகுமா? இப்ப ஏரி மேல நடக்க வேண்டாம்னு யாராவது அவருக்குச் சொல்வாங்களா?’

போனை எடுப்பாள். பாதி எண்ணைச் சுற்றுவாள். வைத்துவிடுவாள். என்னவென்று சொல்வது? ‘எனக்காகப் பேசின ஒரே ஆளை, பேசினதுக்காகவே விரட்டிவிட்டேன்’ என்றா? அவன் கடைசியாகச் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் வந்தது. எனக்காக ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசலை... அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே விடவில்லை.

மே மாதம். லிண்ட்ரூஸ் அவள் மேசைக்கு வந்து, அசட்டுச் சிரிப்போடு நின்றார்.

“அந்தத் தொடரோட கடைசிப் பகுதி. பார்த்துக்கிட்டிருந்தவருக்கு உடம்பு சரியில்லை. நீ...”

“படத்தோட குடுத்தா செய்யறேன்” என்றாள் ஹெல்கா. சொன்ன பிறகு தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. கார்லோ இருந்திருந்தால் இதைத்தானே சொல்லியிருப்பான்?

படத்தோடு கொடுத்தார்கள்.

கடைசிக் காட்சி. கேப்டன் மறுபடி சண்டைக்குப் போய்விட்டான். மனைவி வீட்டு வாசலில் தனியாக நிற்கிறாள். மழை. அவள் யாரிடமும் இல்லாமல், காற்றிடம் சொல்கிறாள். அதே வார்த்தை. ‘மிஸ்’.

ஹெல்கா படத்தை நிறுத்தினாள். அந்த நடிகையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

‘கைவாத்தா’ என்று போடலாம். நல்ல சொல். தோண்டுவதற்கான சொல்லின் ஒலி அதற்குள் கேட்கும். இல்லாத ஒருவரை மனது தோண்டித் தோண்டித் தேடுகிற மாதிரி. ஆனால் அது ஒருத்தி செய்கிற காரியம். வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். இந்தப் பெண்ணால் நிறுத்த முடியாது. முகம் சொல்கிறதே.

அப்படியானால் இன்னொன்றுதான். இகாவா.

ஹெல்கா பேனாவை வைத்தாள்.

ஒரே சொல். கெட்ட சேதி வந்தால் இகாவா. பொழுது போகாத மத்தியானம் இகாவா. சகிக்க முடியாத ஆள் இகாவா. ஒருவரை நினைத்து நெஞ்சு வலித்தால்... அதுவும் இகாவா. அதை நாம் செய்வதில்லை. பசி மாதிரி, குளிர் மாதிரி, அதுவாக வரும். ‘எனக்கு உன் இகாவா இருக்கிறது’ என்றுதான் பின்னிஷில் சொல்ல முடியும்.

இங்கிலீஷ் வார்த்தையின் அர்த்தங்களைக் குழப்பினாள் என்று நாடே சிரித்தது. தாய்மொழியில் அதைவிடப் பெரிய குழப்பம் செய்தாளே... அன்று போனில் அவனைப் பார்த்து அந்தச் சொல்லைக் கத்தினாள். சொல் சரிதான். அர்த்தம்தான் தப்பு.

திரையின் கீழே அந்த வரியை எழுதினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே ரயில் நிலையத்துக்குப் போய், லியெக்ஸாவுக்கு டிக்கெட் வாங்கினாள். போன் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றாமல் இல்லை. ‘வராதே’ என்று சொல்லிவிட்டால்?

*

வழியில், பாரிக்கலா நிலையத்தில் வண்டி நின்றது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட வேண்டும். அது வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றது. மே மாத மழை, மெல்லிசாய், இரண்டு ரயில்களுக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தது. ஹெல்கா கண்ணை மூடி, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மன்னிச்சுடு’ என்று ஆரம்பிப்பதா? ‘எப்படி இருக்கே’ என்றா? அவள் கண்ணைத் திறந்தபோது எதிர் ரயில் போயிருந்தது.

லியெக்ஸாவில் விசாரித்துக்கொண்டு போனாள். ஏரிக்கரையில் மஞ்சள் மரவீடு. கதவைத் தட்டினாள். இதயம் அதைவிடச் சத்தமாகத் தட்டியது.

அறுபது வயதுக்கு மேலான ஓர் அம்மாள் திறந்தாள். கையில் கத்தி, பாதி உரித்த உருளைக்கிழங்கு. மேலும் கீழும் பார்த்தாள்.

“நீலத் துண்டு...” என்றாள். “நீதான் அந்த ஹெல்சிங்கிப் பொண்ணா?”

“கார்லோ... இருக்காரா?”

“இல்லையே!” ஐலி கத்தியை நீட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் காட்டினாள். “காலையில முதல் வண்டிக்குக் கிளம்பிப் போனான். ஹெல்சிங்கிக்கு. மூணு மாசமா ஊமை மாதிரி இருந்தவன், விடியறதுக்குள்ள குளிச்சு, ஷேவ் பண்ணி, என் இஸ்திரிப் பெட்டியைக் கெடுத்து வெச்சுட்டுப் போயிருக்கான். உன்னைப் பார்க்கத்தான்!”

ஹெல்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது.

“உள்ளே வா, பொண்ணே. நனைஞ்சு போயிருக்கே” என்றாள் ஐலி. “பீரக்கா சுட்டு வெச்சிருக்கேன். அரிசிச் சோறு உள்ளே வெச்ச அப்பம். சாப்பிட்டுட்டு அழு.”

காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. ஐலி எடுத்தாள்.

“நீயா? எங்கே இருக்கே? ...அவ வீட்டு வாசல்லயா? ...கதவு திறக்கலையா?” ஐலி ஹெல்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். “எப்படித் திறக்கும்? அவ என் சமையலறையில உட்கார்ந்து பீரக்கா தின்னுக்கிட்டிருக்கா!”

ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

“ஹெல்கா?”

அந்தக் குரல். அடங்கின குரல் இல்லை, இன்று. மூச்சு வாங்கும் குரல். பின்னால் டிராம் மணி கேட்டது. அவள் தெருமுனை டிராம்.

“ம்...”

“நிஜமா நீதானா? பாரிக்கலாவுல... பக்கத்து ரயில்ல நீலத் துண்டு போட்டு ஒருத்தி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தா. நான் ஜன்னலைத் தட்டலாம்னு கையைத் தூக்கினேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன்.”

“ஏன் விட்டே?” கிட்டத்தட்டக் கத்தினாள்.

“எனக்கு இதே வேலையாப் போச்சு, ஹெல்கா. மூணு மாசமா எந்தப் பொண்ணைப் பார்த்தாலும் நீ மாதிரியே தெரியுது. கடையில, ரோட்டுல, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாக்கள்ல. எத்தனை தடவைதான் ஏமாறுவேன்? இதுவும் அப்படித்தான்னு...”

ஹெல்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்று? ஒரு வரிகூட நினைவில்லை.

“கார்லோ... அன்னிக்கு நீ பேசி முடிக்க விடலை. எனக்காகப் பேசினே. அது எனக்கு எவ்வளவு... நான் வீம்பு பிடிச்சவ. மன்னிச்சுடு.”

“நானும் உன்னைக் கேட்டிருக்கணும். கேட்காம பண்ணது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“அதை மட்டும் சொல்லத்தானா?”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் மழை. அங்கேயும் மழைதான் போலிருக்கிறது. சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. ஐலி மூச்சுகூட விடவில்லை.

“எனக்கு உன் இகாவா, கார்லோ” என்றாள் ஹெல்கா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வீடு முழுக்கக் கேட்டது. “ராத்திரியும் பகலும். வேலையில இருக்கும்போதும், சும்மா இருக்கும்போதும். இந்தக் கண்றாவிச் சொல்லுக்கு வேற சொல்லே கிடைக்கலை எனக்கு.”

“நான் இப்பவே வர்றேன்” என்றான் அவன்.

“வேண்டாம், நீ அங்கேயே இரு. நான் வர்றேன்.”

“ஐயோ, நகராதே! நீயும் கிளம்பி நானும் கிளம்பினா மறுபடி பாரிக்கலாவுல பார்த்துக்கிட்டுப் போக வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் இருந்த இடத்துல இருக்கணும். நீ இரு. ஐலிகிட்ட சொல்லி மாடியில என் ரூமைத் திறந்து படுத்துக்கோ. அடுத்த வண்டியில ஏறறேன். காலையில அங்கே இருப்பேன். ஹெல்கா... கேட்குதா? கையில காசு தீர்ந்துடுச்சு. போன் எப்ப வேணும்னாலும் கட்டாயிடும்...”

“கேட்குது.”

பின்னிஷ்காரர்கள் வாயில் அந்த வார்த்தை லேசில் வராது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கிழவர்களாகி, அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கார்லோ அதை ஹெல்சிங்கித் தெரு ஒன்றில், ஈரமான போன் கூண்டுக்குள் நின்று, ஒரே மூச்சில் சொன்னான். சொல்லி முடித்த கையோடு போன் கட்டாகிவிட்டது.

ஹெல்கா ரிசீவரை வைக்கவில்லை. காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஏரியில் மழை ஓய்ந்து, மேகத்தின் கீழ் விளிம்பில் மஞ்சளாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

“என்ன சொன்னான்?” சமையலறையிலிருந்து ஐலியின் குரல்.

“காலையில வர்றாராம்.”

“அது கேட்டுச்சு. அதுக்கப்புறம்?”

ஹெல்கா ரிசீவரை வைத்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“என்னைக் காதலிக்கிறாராம்” என்றாள், ஐலிக்குக் கேட்கும்படி, உரக்க.